இரத்தப் பரிசோதனையும் நம் உடலின் காவற்படையும்

காய்ச்சல் என்றோ களைப்பு என்றோ சுகாதார நிலையத்தை நாடிச் செல்லும் நம்மிடம் மருத்துவர், "இரத்தம் எடுத்துப் பார்ப்போம்" என்கிறார். ஊசியின் வாயிலாகச் சிறிதளவு இரத்தம் எடுக்கப்படுகிறது. சற்று நேரத்திற்கெல்லாம் எண்கள் நிறைந்த தாளொன்று அவர் கைக்கு வந்து சேருகிறது. அதனைக் கூர்ந்து நோக்கிவிட்டு, "நாளைக்கு மீண்டும் வாருங்கள்" என்று கூறி அனுப்புகிறார். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது, நாளைக்கு ஏன் மீண்டும் வரவேண்டும் என்பவற்றை அறியாமலேயே நாம் வீடு திரும்புகிறோம். மறுநாள் காய்ச்சல் தணிந்துவிட்டால், "உடம்பு தேறிவிட்டது, இன்னொரு நாள் கூலியை ஏன் இழக்க வேண்டும்?" என்று எண்ணிக் கத்தியை எடுத்துக்கொண்டு நிரைக்குச் சென்றுவிடுவோரும் நம்மிடையே உண்டு. அவ்வாறு செல்வது சில வேளைகளில் உயிருக்கே இறுதியாய் முடியக்கூடும்.

ஆகவே, அந்தத் தாளில் உள்ள எண்களுள் முக்கியமான சிலவற்றை, குறிப்பாக நோயை எதிர்த்து நிற்கும் ஆற்றலைக் காட்டும் எண்களை, தோட்டத் தொழிலாளர்களாகிய நாம் ஓரளவேனும் புரிந்துகொள்ளுதல் நன்று. மருத்துவரின் வேலையை நாமே செய்துகொள்வதற்காக அன்று. அவர் சொல்வதன் காரணத்தை அறிந்து நடப்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

காவற்படை எங்கே இருக்கிறது?

நன்கு வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. பரிசோதனைக்கென எடுக்கப்படுவதோ 2 அல்லது 3 மில்லிலிட்டர் மட்டுமே. அது ஒரு தேக்கரண்டி அளவுகூட ஆகாது. "இரத்தம் எடுத்தால் உடம்பு பலவீனமாகிவிடும்" என்று அஞ்சிப் பின்வாங்குவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

இரத்தத்தில் மூவகை அணுக்கள் உள்ளன. சிவப்பணுக்கள் உயிர்க்காற்றைச் சுமந்து செல்கின்றன. தட்டணுக்கள் காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறையச் செய்கின்றன. வெள்ளணுக்களோ உடலினுள் நுழையும் கிருமிகளை எதிர்த்துப் போராடுகின்றன. இவ்வெள்ளணுக்களே நம் உடலின் காவற்படை எனலாம். இப்படை எலும்பின் உள்ளீடாகிய மஜ்ஜையில் பிறக்கிறது. அங்கிருந்து இரத்தத்தின் வழியே உடலெங்கும் சென்று, தேவைப்படும் இடங்களில் கூடுகிறது. காலில் புண் ஏற்பட்டுச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை நாம் அறிவோம். அந்த நெறி, காவற்படை கூடிப் போரிடும் பாசறைகளுள் ஒன்று வீங்கியிருப்பதன் அடையாளமே ஆகும்.

ஒரு முள் உணர்த்திய உண்மை

இந்தக் காவற்படையின் செயலை உலகம் அறிந்து ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. 1882ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டின் மெசினா நகரில் தங்கியிருந்த ருஷ்ய அறிஞர் மெச்னிகாஃப், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளை நுண்பெருக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்து வந்தார். அவற்றுள் ஒன்றின் உடலில் சிறு முட்களைக் குத்தி வைத்து, மறுநாட் காலையில் பார்த்தபொழுது, நடமாடும் அணுக்கள் பல அம்முட்களைச் சூழ்ந்து மொய்த்திருக்கக் கண்டார். வெளியிலிருந்து வந்த பகையை விழுங்கி அழிக்க முயலும் அணுக்கள் உடலில் உண்டு என்னும் கருத்து இவ்வாறு உருப்பெற்றது. காட்டில் வெறுங்காலுடன் நடந்து முள் தைத்துக்கொண்ட எவரும், மறுநாள் அவ்விடம் சிவந்து வீங்குவதைக் கண்டிருப்பர். அதுவும் இதே போராட்டமேயாகும்.

ஏறத்தாழ அதே காலத்தில், ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிஹ், இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லெனப் பூசிச் சாயங்கள் ஏற்றி ஆராய்ந்து, வெள்ளணுக்கள் யாவும் ஒரே இனமல்ல என்று காட்டினார். இவ்விருவருக்கும் 1908ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அந்நாளில் அணுக்களைக் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணினர். இன்று பொறிகள் ஒரு நிமிடத்திற்குள் எண்ணிக் கொடுத்துவிடுகின்றன. ஐயத்திற்குரியவற்றை ஆய்வுக்கூடப் பணியாளர்கள் இன்றும் நுண்பெருக்கியில் பார்த்தே உறுதி செய்கின்றனர்.

பெரட்டுக் கணக்கு

பரிசோதனைத் தாளில் "டபிள்யூ.பி.சி." என்ற மூன்று எழுத்துகளுக்கு எதிரே காணப்படுவதுதான் வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், அதாவது ஏறத்தாழ ஒரு குண்டூசித் தலையளவு இரத்தத்தில், எத்தனை வெள்ளணுக்கள் உள்ளன என்பதை அது குறிக்கும். உடல்நலம் உள்ள பெரியவர்களிடம் இது பெரும்பாலும் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். நம் நாட்டு மருத்துவமனைத் தாள்களில் 6.5 என்பது போன்று சுருக்கமாக அச்சிட்டிருப்பார்கள். அதனை ஆயிரத்தால் பெருக்கி 6,500 என்று கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்திற்கு ஆய்வுக்கூடம் இயல்பு அளவு சிறிது வேறுபடலாம். தாளின் ஓரத்திலேயே அந்த ஆய்வுக்கூடத்தின் இயல்பு அளவும் அச்சிடப்பட்டிருக்கும்.

இவ்வெண்ணிக்கையைக் காலைப் பெரட்டுக்கு ஒப்பிடலாம். பெரட்டில் எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள் என்பதைத் தண்டல் எண்ணிவிடலாம். ஆனால் லயத்தில் மொத்தம் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதையோ, வந்தவர்கள் அன்று எவ்வளவு பால் எடுப்பார்கள் என்பதையோ அந்த எண்ணிக்கை ஒன்றே காட்டிவிடாது. அதுபோலவே, இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் முழுப் படையில் ஒரு சிறு பகுதிதான். பெரும்பகுதி எலும்பு மஜ்ஜையிலும் நெறிகளிலும் மண்ணீரலிலும் பிற உறுப்புகளிலும் இருக்கிறது. ஆகவே, ஓர் எண்ணைக் கண்டவுடன் "எதிர்ப்புச் சக்தி நிரம்ப உள்ளது" என்று மகிழவோ, "சக்தி போய்விட்டது" என்று கலங்கவோ வேண்டியதில்லை. அந்த எண், இரத்தம் எடுத்த நேரத்தின் பெரட்டுக் கணக்கு மட்டுமே.

எண்ணிக்கை நேரத்திற்கு நேரம் மாறுவதும் உண்டு. கடின உழைப்பிற்குப் பின்னும், அச்சத்திலும் வலியிலும் அது உயரும். புகைபிடிப்போரிடம் சற்று உயர்ந்தே காணப்படும். கருவுற்ற பெண்களிடம் 11,000ஐத் தாண்டியிருப்பது இயல்பே. பிறந்த குழந்தையிடம் பெரியவர்களைவிட மிக அதிகமாக இருக்கும். குழந்தையின் தாளைத் தந்தையின் தாளோடு ஒப்பிட்டு அஞ்சுதல் கூடாது.

ஐந்து வகைப் படையினர்

பால் நிறுக்குமிடத்தில் வாளியின் எடையை மட்டும் பார்த்து நம் உழைப்பைக் கணிப்பதில்லை. மாதிரிப் பால் எடுத்து, அதில் உள்ள காய்ந்த ரப்பரின் விழுக்காட்டையும் பார்க்கிறார்கள். மழைநீர் கலந்த பால் எடையில் கூடியிருந்தாலும் ரப்பரில் குறைந்திருக்கும். வெள்ளணுக்களின் கணக்கிலும் மொத்த எண்ணிக்கை வாளியின் எடையைப் போன்றது. அதனுள் எந்த வகை எவ்வளவு என்ற பகுப்பே மருத்துவருக்குக் கூடுதல் செய்தியைச் சொல்கிறது. அவ்வகைகள் ஐந்து.

நியூட்ரோபில் என்பது முதல்வகை. பெரியவர்களிடம் மொத்தத்தில் ஏறத்தாழ 40 முதல் 70 விழுக்காடு இதுவே. சீழ் உண்டாக்கும் கிருமிகளைச் சந்திக்க முதலில் ஓடிவருவது இப்படைதான். புண் பழுத்தல், நுரையீரல் அழற்சி, குடல்வால் அழற்சி போன்றவற்றில் இதன் எண்ணிக்கை உயரும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சலிலும் இது உயர்ந்திருப்பது வழக்கம்.

லிம்போசைட் என்பது இரண்டாம் வகை; 20 முதல் 40 விழுக்காடு வரை இருக்கும். முன்னர் வந்த பகையை நினைவில் வைத்திருந்து, மீண்டும் அது வரும்பொழுது விரைந்து தாக்குவது இவ்வகையின் சிறப்பு. தடுப்பூசி பயன் தருவது இந்த நினைவாற்றலினால்தான்.

மோனோசைட் என்பது மூன்றாம் வகை. இது இறந்த அணுக்களையும் கிருமிகளையும் விழுங்கித் துப்புரவு செய்கிறது. ஈஸினோபில் என்பது நான்காம் வகை. இது பொதுவாக 500க்கு மேற்படுவதில்லை. புழுக்களை எதிர்ப்பதிலும் ஒவ்வாமையிலும் இது முன்னிற்கும். பேசோபில் என்பது ஐந்தாவது. மிகச் சிறு தொகையே காணப்படும்.

புழுவும் இரவு இருமலும்

இவ்வைந்தனுள் ஈஸினோபிலைப் பற்றித் தோட்டத்து மக்கள் சற்று விரிவாக அறிந்திருத்தல் நலம். ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து உடலினுள் புகும் கொக்கிப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சி வாழ்கிறது. அத்தகையவரின் தாளில் ஈஸினோபில் உயர்ந்தும், சிவப்பணுக்களின் சத்தாகிய ஹீமோகுளோபின் தாழ்ந்தும் காணப்படுவதுண்டு. "எத்தனை டானிக் குடித்தாலும் களைப்புத் தீரவில்லை" என்று சொல்லும் ஒருவருக்கு, மலப் பரிசோதனையும் புழு மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையுமே உண்மையான மருந்தாக இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நள்ளிரவில் விடாத இருமல், மூச்சு வாங்குதல், நெஞ்சில் இழுப்பு ஆகியவற்றோடு சிலர் வருவர். பார்ப்பதற்கு ஆஸ்துமாவைப் போன்றிருக்கும். ஆனால் அவர்களின் ஈஸினோபில் 3,000க்கும் மேலாக உயர்ந்து நிற்கும். கொசுவினால் பரவும் யானைக்கால் நோய்ப் புழுவே இதற்குக் காரணம். 1950களில் சிங்கப்பூரில் இந்நோயைப் பற்றி விரிவாக ஆராய்ந்து, புழுவைக் கொல்லும் மருந்தினால் இது குணமாவதை எடுத்துக்காட்டியவர்களுள் டாக்டர் தனராஜ் குறிப்பிடத்தக்கவர். பின்னர் இவரே மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் தலைவராக விளங்கினார். பல மாதங்களாக ஆஸ்துமாவென்று எண்ணித் துன்புற்ற ஒருவர், சரியான மருந்தைச் சில வாரங்கள் உண்டு நலம்பெற இயலும். அதற்கு வழிகாட்டுவது, தாளில் உள்ள அந்த ஒற்றை வரியே.

காய்ச்சல் தணியும் நாளே கவனிக்க வேண்டிய நாள்

இனி, தொடக்கத்தில் கூறிய செய்திக்கு வருவோம். டிங்கி காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. அவ்வினத்தைச் சேர்ந்த கொசு ஒன்று, பால் மரங்களில் கட்டியிருக்கும் மங்குகளில் தேங்கும் மழைநீரிலும் பெருகக் கூடியது. இக்கொசு பகலில், சிறப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கும். நாம் நிரையில் நிற்கும் நேரமும் அதுவேயன்றோ?

டிங்கி கண்டவுடன் காய்ச்சல் கடுமையாக அடிக்கும். இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை அது நீடிக்கலாம். இந்நோயில் முதலில் மாறுவது வெள்ளணுக்களின் எண்ணிக்கை. அது படிப்படியாகக் குறையும். சீழ்க் கிருமியால் வரும் காய்ச்சலில் அது உயர்வதையும், டிங்கியில் அது தாழ்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தே மருத்துவர் தம் ஐயத்தை ஓரளவு தீர்த்துக்கொள்கிறார். அதன் பின்னர் தட்டணுக்கள் குறையத் தொடங்கும். அடுத்து, இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுவதனால் இரத்தம் கெட்டிப்படும். இதனைக் காட்டும் விழுக்காட்டை ஹெமட்டோகிரிட் என்பர்.

எடுத்துக்காட்டாக ஒருவருடைய தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். முதல் தாளில் வெள்ளணு 5,800, தட்டணு 2,10,000, ஹெமட்டோகிரிட் 42 விழுக்காடு. இரண்டாம் தாளில் வெள்ளணு 3,400, தட்டணு 1,40,000, ஹெமட்டோகிரிட் 44. மூன்றாம் தாளில் வெள்ளணு 2,100, தட்டணு 70,000, ஹெமட்டோகிரிட் 50. முதல் தாளை மட்டும் பார்ப்பவர் "யாவும் இயல்பே" என்பார். மூன்றையும் வரிசையாகப் பார்ப்பவரோ உடனே நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பார். இந்த மூன்றாம் தாள் வரும் நாள், பெரும்பாலும் காய்ச்சல் தணிந்து, "தேறிவிட்டோம்" என்று நோயாளி எண்ணும் நாளாக இருப்பதே இந்நோயின் வஞ்சகம். காய்ச்சல் இறங்குவதையொட்டிய 24 முதல் 48 மணி நேரமே ஆபத்தான காலம். மருத்துவர் நாள்தோறும் வரச் சொல்வதன் காரணம் இதுதான்.

கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு, அமைதியின்மை, கை கால் குளிர்ந்து போதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டுமே, மருத்துவர் சொன்ன அளவில் உண்ண வேண்டும். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை அதிகப்படுத்தும். பப்பாளி இலைச் சாறு குடிப்போர் பலர் உள்ளனர். அச்சாற்றை நம்பி மறுநாள் பரிசோதனையைத் தவிர்ப்பதே பெருந்தவறாகும். சாறு எண்களைக் கவனித்துச் சொல்லாது, பரிசோதனையே சொல்லும்.

பால் வெட்டாத நாட்களில் மங்குகளைக் கவிழ்த்து வைத்தலும், லயத்தைச் சுற்றியுள்ள பழைய டயர், டின், தொட்டி ஆகியவற்றில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுதலும் எல்லாப் பரிசோதனைகளையும்விட மேலான காவல் என்பதை மறத்தலாகாது.

உயர்ந்த எண்ணும் ஏமாற்றலாம்

எண்ணிக்கை உயர்ந்திருந்தால் படை வலிமையுடன் இருக்கிறது என்று பொருளல்ல. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஸ்டீராய்டு மருந்தாகும். மூட்டுவலி, முதுகுவலி ஆகியவற்றிற்கென்று பெயரில்லாப் பொட்டலங்களிலும் புட்டிகளிலும் விற்கப்படும் சில மருந்துகளில் இந்த மருந்தைக் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதை நம் நாட்டுச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்துள்ளனர். அதனை உண்டவுடன் வலி மாயமாய் மறையும், பசி எடுக்கும், முகம் உப்பும். இரத்தத் தாளில் நியூட்ரோபில் உயர்ந்திருக்கும். ஆயினும் உண்மையில் படையினர் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பார்களேயன்றிப் போர்க்களத்திற்குச் சரிவரச் செல்லமாட்டார்கள். காசநோய் போன்ற நோய்கள் இத்தகையோரை எளிதிற் பற்றும். அம்மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது. ஆதலின், அத்தகைய மருந்தை உண்டு வருவோர் அந்தப் புட்டியையே எடுத்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். பதிவு பெற்ற மருந்துகளில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளுடன் தொடங்கும் எண்ணும், ஒளிரும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். அவை இல்லாதவற்றைத் தொடாதிருப்பதே நலம்.

இயல்பான எண்ணும் ஏமாற்றலாம். காசநோய் உள்ளவரின் வெள்ளணு எண்ணிக்கை இயல்பாகவே இருக்கக்கூடும். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், இரத்தத் தாள் என்ன சொன்னபோதிலும், சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் செய்துகொள்ள வேண்டும்.

எண்ணிக்கை மிகத் தாழ்வதற்குச் சில மருந்துகளும் காரணமாகலாம். தைராய்டுச் சுரப்பி மிகையாக வேலை செய்வோருக்குக் கொடுக்கப்படும் கார்பிமசோல் மாத்திரை, மிகச் சிலரிடம் நியூட்ரோபில்களைப் பெரிதும் குறைத்துவிடும். அம்மாத்திரையை உண்போருக்குக் காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ ஏற்பட்டால், சாதாரணச் சளி என்று அசட்டையாக இராமல் அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நியூட்ரோபில் 500க்கும் கீழே இறங்கிவிட்டால் சிறு கிருமியும் பெரும் பகையாகிவிடும்.

"உடலின் எதிர்ப்புச் சக்தியை உயர்த்தும்" என்று விலையுயர்ந்த சத்து மாவுகளையும் சாறுகளையும் லயம் லயமாகக் கொண்டுவந்து விற்போர் உளர். ஆரோக்கியமானவருக்கு வெள்ளணுக்கள் கூடுவதனால் நன்மை ஏதும் இல்லை. மீனும் முட்டையும் கீரையும் பருப்பும் சேர்ந்த உணவு, போதிய உறக்கம், புகையும் மதுவும் தவிர்த்தல், உரிய தடுப்பூசிகள் ஆகியவையே படையைப் பேணும் வழிகள். சம்பள நாளன்று அந்தப் புட்டிக்குக் கொடுக்கும் பணத்தைக் குழந்தைகளின் உணவிற்குக் கொடுத்தல் மேலானது.

சி.டி.4 என்னும் தனிக் கணக்கு

மேலே சொல்லப்பட்ட பொதுப் பரிசோதனையன்றி, எதிர்ப்பாற்றலை நேரடியாக அளப்பதற்கென்றே வேறொரு பரிசோதனையும் உண்டு. லிம்போசைட்டுகளுள் ஒரு பிரிவினர், மற்றப் படையினருக்குக் கட்டளையிட்டு வழிநடத்துவோராவர். அவர்களைச் சி.டி.4 அணுக்கள் என்பர். உடல்நலமுள்ள பெரியவர்களிடம் இவை ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். எச்.ஐ.வி. என்னும் கிருமி, குறிப்பாக இவர்களையே தாக்கி அழிக்கிறது. தலைவர்களை இழந்த படை சிதறுவதுபோல், சி.டி.4 எண்ணிக்கை 200க்கும் கீழே இறங்கியவரைக் காசநோய், பூஞ்சை நோய், ஒருவகை நுரையீரல் அழற்சி முதலியவை எளிதில் பற்றுகின்றன.

இங்கும் மூன்று செய்திகளைத் தெளிவாக உணர்தல் வேண்டும். முதலாவது, சி.டி.4 குறைந்திருப்பதால் மட்டும் ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு என்று முடிவு செய்ய இயலாது. வேறு நோய்களிலும் அது குறையலாம். எச்.ஐ.வி.யைக் கண்டறிவதற்குத் தனிப் பரிசோதனை உள்ளது. இரண்டாவது, இதுவும் பெரட்டுக் கணக்கே. காலைக்கும் மாலைக்கும் இடையில்கூட மாறும். ஆதலால் ஒரு தாளைக் கொண்டு அன்றி, பல மாதத் தாள்களின் போக்கைக் கொண்டே மருத்துவர் கணிக்கிறார். மூன்றாவது, நம் நாட்டில் முதல் எச்.ஐ.வி. நோயாளி அறியப்பட்ட 1986ஆம் ஆண்டு நிலைமை இன்று இல்லை. முன்னர் சி.டி.4 ஒரு குறிப்பிட்ட அளவிற்கு இறங்கும்வரை மருந்து தொடங்கக் காத்திருந்தனர். 2015ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், எண்ணிக்கை எவ்வளவாயினும் நோய் உறுதியானவுடன் மருந்தைத் தொடங்கலாம் என்று அறிவுறுத்தியது. மருந்தை நாள்தோறும் தவறாமல் உண்பவரின் இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவிற்கு ஒடுங்கிவிடுகிறது. படை மீண்டும் பெருகுகிறது. அந்நிலையைத் தொடர்ந்து காத்துவருபவரிடமிருந்து உடலுறவின் வழியாக நோய் பரவுவதும் இல்லை. ஒரே பெரட்டில் நிற்பதாலோ, ஒரே குழாயடியில் நீர் எடுப்பதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ இது எக்காலத்தும் பரவியதில்லை. ஆகவே, நோயுற்றவரை ஒதுக்கி வைப்பதற்கு எவ்விதக் காரணமும் இல்லை.

கூலியை நினைத்து அஞ்ச வேண்டாம்

பரிசோதனைக்கு மீண்டும் செல்லாமைக்குப் பலரும் கூறும் காரணம் கூலி இழப்பு. அது புறக்கணிக்கத்தக்க காரணமன்று. ஆயினும், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தீபகற்ப மலேசியத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பை உரிமையாக்கியுள்ளது. இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டிற்கு 14 நாட்கள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் வேலை செய்தவருக்கு 18 நாட்கள். ஐந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு 22 நாட்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தால் ஆண்டிற்கு 60 நாட்கள் வரை உண்டு; 2023ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாளிலிருந்து இது முன்சொன்ன விடுப்பிற்கு மேற்பட்டதாக ஆக்கப்பட்டுள்ளது. மருத்துவரின் சான்றிதழைப் பெற்றுக்கொள்வதும், விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திற்குத் தெரிவிப்பதும் நம் கடமைகள். தாமே செல்ல இயலாவிடில், தண்டலிடமோ கிராணியிடமோ வீட்டார் மூலம் சொல்லியனுப்பலாம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. இப்பொதுப் பரிசோதனைக்காகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளையும் உடன் செய்வதாயின் மருத்துவமனையில் கேட்டறிந்து செல்லுங்கள்.

2. உண்டுவரும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து, ஜமு உட்பட, மறைக்காமல் சொல்லுங்கள்.

3. தாளின் படி ஒன்றைக் கேட்டு வாங்கித் தேதியுடன் பத்திரப்படுத்துங்கள். வேறு மருத்துவமனைக்குச் செல்லும்பொழுது பழைய தாளே புதிய தாளுக்குப் பொருள் தரும்.

4. "வெள்ளணு எவ்வளவு? போன முறையைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? அடுத்து எப்பொழுது வரவேண்டும்?" என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள்.

5. மீண்டும் வரச் சொன்ன நாளில், உடம்பு தேறியதுபோல் தோன்றினாலும், தவறாமல் செல்லுங்கள்.

மரத்தின் பட்டையில் தெரியும் நிறத்தைக் கொண்டும் பால் வடியும் வேகத்தைக் கொண்டும் மரத்தின் நலத்தை அறியும் திறன் நம் தொழிலாளர்களுக்கு உண்டு. ஒரு நாள் பால் குறைந்ததென்று எவரும் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை. பல நாட்கள் தொடர்ந்து குறைந்தால் வாளாவிருப்பதும் இல்லை. அதே பொறுமையோடும் விழிப்போடும் நம் உடலின் கணக்கையும் பார்க்கப் பழகுவோமாயின், தக்க வேளையில் மருத்துவமனையை அடைந்து பல உயிர்களைக் காத்துக்கொள்ள இயலும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்சுவரைக் காக்கும் முயற்சியில் இரத்தப் பரிசோதனையும் ஒரு நல்ல துணை என்பதை உணர்ந்து பயன்பெறுவோமாக.